தெரு முழுக்கக் கரண்ட் இருந்த மாலை

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் நலம் என்று நீ எழுதியதை அப்படியே நம்பி வந்தோம். அதைப் பற்றிக் கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதில் எல்லாக் கதைப் புத்தகங்களையும் நீ அப்படித்தான் கெடுத்துக்கொண்டாய்.

உன் கடிதம் துறைமுக முத்திரையோடு வந்து சேர்ந்தது. கடலுக்கு அடியில் கிடக்கிற கேபிள் அறுந்தால் தேடிப் போய் ஒட்டுகிற கப்பலில் என் மகள் வேலை பார்க்கிறாள், உலகம் முழுக்கப் பேசிக்கொள்வது அந்த கேபிள் வழியாகத்தான், ஆனால் அந்தக் கப்பலிலிருந்து வீட்டுக்குப் பேச மட்டும் வழியில்லை என்று நான் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்க வைப்பதற்காக நான் அதைச் சொல்வதில்லை. கொஞ்ச காலமாகவே கடிதத்தைத் தட்டச்சில் அனுப்புகிறாய், அதில் ஒரு பிழைகூட இல்லை. அச்சகத்தில் ஆயுசு முழுக்க மெய்ப்புத் திருத்தியவளுக்குப் பிழையில்லாத கடிதம் எழுதுவது மரியாதையா, வேலையைப் பறிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கையொப்பம் மட்டும் நசுங்கிய எறும்பு போல இருந்தது. “கப்பல் ஆடியிருக்கும்க்கா” என்றான் உன் மாமா. நானும் பழியைக் கடலின் மேல் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

அப்பாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உங்கள் கப்பலைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுத்திருக்கிறார்கள், அதில் நீயும் பேசுகிறாய், இன்ன தேதி மாலை ஒரே ஒரு தடவை ஒளிபரப்புவார்கள், மறுபடி போடுவதாக இல்லை என்ற இடம் வந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தேதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவருடைய கண் ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்த தேதியும் அதுதான். இடது கண் மின்கம்பத்துத் தீப்பொறியோடு போனது உனக்குத் தெரிந்ததே, கல்யாண ஃபோட்டோவில்கூட நாணயத்தில் அச்சடித்த அரசர் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பித்தான் நிற்பார். மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை முற்றி, இந்த வருஷம் முழுக்க அவருக்கு மனிதர்கள் எல்லோரும் நகரும் பீரோக்களாகத்தான் தெரிந்தார்கள். சில பேர் விஷயத்தில் அது பெரிய இழப்பில்லை.

டாக்டரம்மாவிடம் போய்த் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டோம். அந்தம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, “டிவி பாக்கறதுக்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொன்ன ரெண்டாவது ஆள் நீங்க, மொத ஆளுக்கு ஃபைனல் மேட்ச்” என்றார். பிறகு குரலை இறக்கி, “தள்ளிப் போட்டாலும் இந்தக் கண்ணால எதைப் பாப்பீங்க? உங்க பொண்ணு வந்தாலும் புகையாத்தான் தெரிவா. இருக்கறது ஒத்தக் கண்ணு, சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். நல்லா வரும்னு நெனைக்கிறேன்” என்றார். வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது அப்பா சொன்னார், “கண்ணு தெறந்ததும் மொதல்ல அவளைப் பாக்கணும்னு இருக்கு. அவளைப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. டிவியில வர்றதை எங்கயாவது புடிச்சு வெக்க முடியாதா, நான் வந்து கண்ணைத் தெறக்கற வரைக்கும்?” குழாயில் தண்ணீர் வரும்போது குடத்தில் பிடித்து வைக்கச் சொல்வது போலச் சொன்னார். எனக்கும் அது அப்படியொன்றும் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அறியாமையில் இருக்கும் நிம்மதி வேறெதிலும் இல்லை.

உன் மாமாவைக் கூப்பிட்டேன். வீட்டில் அவனுக்கு ‘கையேடு’ என்று பெயர் வைத்தது நீதான், அதில் ஒரு எழுத்துகூட மாற்றத் தேவையில்லை. எந்தப் பொருள் வாங்கினாலும் கையேட்டை முதலில் இருந்து கடைசி வரை படித்த பிறகே பொருளை வெளியே எடுப்பான், சில பொருள்கள் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. அவன் வந்து, நீ படிக்கிற காலத்தில் வாங்கிய கணினியை மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான், பார்த்த முகத்தில் கொஞ்சம் துக்கம் தெரிந்தது. “சிம்பிள்க்கா” என்றான். அவன் சிம்பிள் என்று சொன்னால் குறைந்தது மூன்று கடை ஏற வேண்டும் என்று அர்த்தம்.

கடைக்காரர் நம் தேவையைக் கேட்டதும் நாங்கள் பதிவு செய்ய நினைப்பது நம் வீட்டு டிவியையா, நாட்டில் உள்ள எல்லா டிவிகளையுமா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பொருள்களை எடுத்து மேசையில் அடுக்கினார். பெருவிரல் அளவில் ஒரு குச்சி, அதைக் கணினியின் வெளியே சொருகினால் போதும், உள்ளே எதையும் திறக்க வேண்டாம். ஆனால் கொஞ்ச நேரத்தில் சூடேறிப் படம் உறைந்துபோகும் என்று மாமா எங்கோ படித்திருக்கிறான். கணினிக்கு உள்ளே பொருத்துகிற டிவி கார்டுகளில் இரண்டு ஜாதி. விலை குறைந்தது டிவி படத்தை அப்படியே அள்ளிக் கொட்டும், கணினிதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுருக்கி மடித்து அடுக்க வேண்டும். விலை கூடியது தானே மடித்து, தானே அடுக்கிக் கொடுத்துவிடும், ஹார்டு டிஸ்க்கில் வைத்து மூடுவதுதான் கணினியின் வேலை. நம் வீட்டில் துணி மடிக்கிற அனுபவம் எனக்கு நிறைய உண்டு, நான் இரண்டாவதைக் கையில் எடுத்தேன். “அக்கா கரெக்டா எடுத்துட்டாங்க, இந்தக் கம்ப்யூட்டர் கெழடு, அதுக்கு மூச்சு வாங்கும்” என்று மாமா கடைக்காரரிடம் சொன்னான். கடைக்காரர் என்னைத்தான் பார்த்தார். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கே ஏகப்பட்ட இடம் வேண்டும் என்பதால் புதிதாக ஒரு ஹார்டு டிஸ்க்கும் வாங்கினோம். கையளவு பெட்டி. நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் அச்சகம் போட்ட புத்தகங்கள் அத்தனையும் அதன் ஒரு மூலைக்கு வராதாம். எங்களுக்கு அதற்கு ஒரு மாடிக் கட்டடமும், இரண்டு லாரியும், ஓயாமல் கோபப்படுகிற ஒரு மேலாளரும் தேவைப்பட்டார்கள்.

சாஃப்ட்வேர் விஷயம் இதைவிடப் பெரியது. கார்டோடு இலவசமாக வந்ததைத் திறந்தால் விமானம் ஓட்டுகிற அறை போல இருந்தது, எந்தப் பொத்தானைத் தொட்டால் எந்த ஊரில் இறங்குவோம் என்று தெரியவில்லை. காசு கொடுத்து வாங்குவது பார்க்க அழகாக இருந்தது, அதுதான் அதன் முக்கிய வேலையும் என்று மாமா கண்டுபிடித்தான். மூன்றாவதாக ஒன்று. அதை யாரும் விற்பதில்லை. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள், சம்பளமில்லாமல் வேலை முடிந்து வந்த பிறகு உட்கார்ந்து எழுதியதாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார், அதை மூன்றாமவர் திருத்துவார். மெய்ப்புத் திருத்துவதற்காகவே ஓர் உலகம் இயங்குகிறது என்று எனக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. முகம் தெரியாத யாரோ ஒரு அம்மா தன் மகளைப் பிடித்து வைத்துக்கொள்ளட்டும் என்று இவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், கீழே பெயர்கூட ஒழுங்காகப் போடவில்லை. அதையே போடச் சொல்லிவிட்டு, கணினித் திரையைப் பார்த்துக் கை கூப்பினேன். மாமா பயந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

கார்டைப் பொருத்திவிட்டு டிவி கேபிளை அதில் மாட்டுவதற்கு முன்னால் திரையில் வெறும் புள்ளிகள்தான் இரைந்துகொண்டிருந்தன, பனி கொட்டுவது போல. இது என்னடா என்றேன். “ஒண்ணுமில்லக்கா, காத்துல இருக்கற குப்பை எல்லாம் வருது. இதுல ஒரு துளி இந்த அண்டம் பொறந்தப்போ கெளம்புன வெளிச்சமாம், இன்னும் வந்துட்டே இருக்காம்” என்று சொல்லிவிட்டு அவன் திருப்புளியைத் தேடப் போய்விட்டான். இதை ஒரு ஆள் சொல்லிவிட்டுத் திருப்புளி தேட முடிகிறது பார். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த இரைச்சலைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கி இன்றுவரை நிற்காத ஒளிபரப்பு, விளம்பர இடைவேளை இல்லாத ஒரே அலைவரிசை, நாம் அதைப் பார்க்கும்போதெல்லாம் ‘படம் வரலை’ என்று பெட்டியின் தலையில் தட்டியிருக்கிறோம். அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் புகையும் நாங்களும் ஒன்றுதான், சத்தத்தை மட்டும் கேட்டு, “மழை நல்லா பெய்யுது” என்றார்.

கேபிளை மாட்டியதும் ஓர் அமைச்சர் வந்தார். ஓடிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சியையே நிறுத்தி வைக்கலாம் என்று மாமா ஒரு விசையைக் காட்டினான், அழுத்தினேன், அமைச்சர் திறந்த வாயோடு நின்றார். எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன், அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவர் எனக்காகக் காத்திருந்தது பொதுவாழ்வில் அதுவே முதல் தடவை. விசையை மறுபடி அழுத்தியதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்கினார், இடையில் உலகத்தில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை, முன்பும் அப்படித்தான் என்பதால் வித்தியாசம் புலப்படவில்லை. இதையெல்லாம்விட என்னை அசர வைத்தது இன்னொன்று. கணினியைத் தூங்க வைத்துவிட்டுப் போகலாம். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் அதுவாக எழுந்து, பதிவு செய்து, முடிந்ததும் திரும்பத் தூங்கிவிடும். எழுப்ப வேண்டியதில்லை, எழுந்த பிறகு தேநீர் கேட்காது. ஒரே நிபந்தனை, தூங்க வைக்கலாமே தவிர அணைக்கக் கூடாது. ‘அணைக்காதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கணினியின் நெற்றியில் நானே ஒட்டினேன். ஒற்று எல்லாம் சரிபார்த்துத்தான் ஒட்டினேன்.

பிறகு சோதனைப் பதிவுகள். செய்தி, தொடர், சமையல் என்று கண்டதையும் பிடித்துப் பார்த்தோம். ஒரு நாள் செய்தியைப் பதிவு செய்தபோது விளம்பரத்துக்கு நடுவில் உங்கள் நிகழ்ச்சியின் முன்னோட்டம் வந்துவிட்டது. கடல், கப்பல், தொட்டி போல ஒரு பெரிய கேபிள் சுருள், அப்புறம் ஆரஞ்சு நிறத் தொப்பியில் நீ. கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டாய். நான் போட்ட சத்தத்தில் அப்பா குளியலறையிலிருந்து துண்டோடு வந்துவிட்டார். திரும்பப் போட்டேன், நீ சிரிக்கிற சத்தம் கேட்டது. “அவதான்” என்றார். திரையை மூக்கால் தொடுகிற தூரத்துக்குப் போய் நின்றார். அவருக்கு ஆரஞ்சு நிறம் மட்டும் தெரிந்தது. “போதும், மிச்சத்தைக் கண்ணு வந்தப்பறம் பாத்துக்கறேன்” என்று தலை துவட்டப் போய்விட்டார். நான் மட்டும் அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாமா, “டெஸ்ட் எல்லாத்தையும் அழிச்சுடுக்கா, எடம் வேஸ்ட்” என்றான். அது மட்டும் முடியாது என்றேன். புத்தகம் வெளியே வந்து கையில் கிடைக்கும் வரை மெய்ப்பைக் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் அச்சகத்துச் சட்டம். எல்லாவற்றுக்கும் ‘மெய்ப்பு’ என்று பெயர் போட்டு ஓரமாக வைத்தேன். “உங்க அச்சகம் மூடியே வருஷம் ஆச்சு” என்று முணுமுணுத்தான். சட்டம் மூடப்படவில்லையே.

அப்பா சும்மா இருக்கவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவருக்கு வேறு கவலை. கார்டு, டிஸ்க், சாஃப்ட்வேர் என்று நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, “இதெல்லாம் கரண்ட்லதானே ஓடுது?” என்றார். மாமா உடனே ஓடிப் போய், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். அப்பாவுக்கு அதில் திருப்தி இல்லை. தன் பழைய அலுவலகத்துக்கே ஃபோன் போட்டு, தனக்குக் கீழே பயிற்சிக்கு வந்து இப்போது அதிகாரியாக இருப்பவரிடம், “அன்னைக்குச் சாயங்காலம் எங்க தெருவுல ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகக் கூடாது. ரிப்பேர் வேலை எது இருந்தாலும் மறுநாள் வெச்சுக்கோ. என் பொண்ணு வர்றா” என்றார். அந்த அதிகாரி என்ன நினைத்தாரோ, நீ நேரில் வருவதாகவே நினைத்திருப்பார், “நம்ம வீட்டு விசேஷம் மாதிரி பாத்துக்கறேன் சார்” என்றாராம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மாலை நம் தெருவில் ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை என்று பிறகு எல்லோரும் சாட்சி சொன்னார்கள்.

காலையில் கிளம்பினோம். மாமா வாசலில் வண்டியோடு நின்றான், நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன், அப்பா சுவரைத் தடவிக்கொண்டே பின்னால் வந்து கதவைச் சாத்தினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண்ணில் கட்டோடு படுக்க வைத்தார்கள். மாலையில் நிகழ்ச்சிக்கு நேரம் ஆனது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு டிவி இருந்தது. நர்ஸம்மா, “உங்க பொண்ணு வர்றான்னா போய்ப் பாருங்கம்மா, ஐயா பக்கத்துல நான் இருக்கேன்” என்றுகூடச் சொன்னார். நான் போகவில்லை. இருவரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு, ஒருத்தர் மட்டும் முன்கூட்டியே பார்ப்பது சரியில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப முழிச்சிருக்கும்ல?” என்றார். முழித்திருக்கும் என்றேன். பூட்டிய வீட்டில், யாரும் இல்லாத கூடத்தில், எழுப்பாமலே அது எழுந்து, பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு, நமக்குப் பதிலாக நம் மகளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்று அவருக்குச் சொன்னேன். கேட்டபடியே படுத்திருந்தார். “ஒரு சத்தமும் போடாம பாக்கும்” என்றார். இப்போது நினைத்துப் பார்த்தாலும் அந்தச் சில நிமிஷங்கள் வீணானதாக எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் நினைத்த மாதிரி எதுவுமே அங்கே நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். டாக்டரம்மா விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அப்பா விரலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார், “இது நீலமா?” என்றார். நீலம்தான். ஜன்னல், பக்கெட், என் சேலைக் கரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். “உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?” என்றார். உங்களுக்குக் கண் தெரியாத சமயம் பார்த்து நரைக்க விட்டேன் என்றேன். அந்தம்மாவும் சிரித்துவிட்டார். வழியெல்லாம் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார், ஒன்றில் எழுத்துப் பிழை என்று அவர் சொன்னபோது எனக்கு மறுபடியும் கல்யாணம் ஆனது போல இருந்தது.

வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். எரியவில்லை. கரண்ட் இல்லையா என்று எதிர் வீட்டைப் பார்த்தால் அங்கே மின்விசிறி சுற்றுகிறது. மாமா பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், அது யாருமில்லாத வீட்டில் கத்திக் கத்தி ஓய்ந்துபோயிருந்தது. நான் திரும்பினேன். அப்பா கதவோரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார், புதுக் கண்ணால் மெயின் சுவிட்சைப் பார்த்தபடி. அது கீழே இறங்கியிருந்தது. உனக்குத் தெரியுமே, நம் வீட்டில் வெளியூர் போய் வந்தால் ஃபிரிஜ்ஜில் பால் ஒருபோதும் பிழைத்ததில்லை. எரிந்துபோன வீடுகளைப் போய்ப் பார்த்துப் பார்த்து அவருக்கு வந்த பழக்கம், ‘பூட்டின வீட்டுல கரண்டுக்கு என்ன வேலை’ என்பார், கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவர் கை தானாகப் போய் மெயினை இறக்கிவிடும். என் எச்சரிக்கையை அவர் மீறவில்லை. கணினியை அவர் தொடவே இல்லை. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் முறைத்ததில் அப்படியே மூடிக்கொண்டான். அப்பா மெயினைத் தூக்கிவிட்டுச் சொன்னார், “கெளம்பறப்போ எதையோ மறந்துட்டேனோன்னு வழியெல்லாம் யோசிச்சேன். ஒண்ணையும் மறக்கலை. அதான் தப்பாப் போச்சு.”

தெருவில் எல்லோரும் உன்னைப் பார்த்திருக்கிறார்கள், கரண்ட்தான் நன்றாக இருந்ததே. ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். மாடி வீட்டுத் தையல்காரம்மா, “சட்டை தோள்ல தொளதொளன்னு நிக்குது, ஒரு பிடி பிடிச்சா சரியாப் போயிடும்” என்றார். மருந்துக்கடைக்காரர், “பாப்பா கறுத்துட்டா சார், க்ரீம் ஒண்ணு இருக்கு” என்றார். ரொம்ப நல்லாப் பேசினாள் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து, என்ன பேசினாய் என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் வந்த சந்தோஷம் போலத்தான் வெளியே தெரியும். அவர்கள் போன பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு, கழற்றி வைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பார்க்க வேண்டியதைத் தவிர எல்லாம் தெரிகிறது.

அப்போதுதான் மெய்ப்பு நினைவுக்கு வந்தது. கணினியைப் போட்டோம், எழுந்தது, மெய்ப்பை அழிக்கச் சொன்னவனே அதைத் தேடித் திறந்து கொடுத்தான். செய்தி ஓடியது, விளம்பரம் ஓடியது, கடல், கப்பல், கேபிள் சுருள், நீ. முடிந்துவிட்டது. அப்பா திரையைத் தொட்டார். “நிறுத்த முடியும்னு சொன்னியே, அந்த அமைச்சரை நிறுத்துன மாதிரி.” நிறுத்தினேன். நீ ஆரஞ்சுத் தொப்பியில், பாதிச் சிரிப்பில், காற்றில் ஒரு முடிக்கற்றை பறக்க நின்றாய். என்ன கருவி என்கிறாய், நடுக்கடலில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துபோன ஒன்று, நம் வீட்டுக் கூடத்தில், நாங்கள் போதும் என்று சொல்லும் வரை நிற்கிறது. ஒரு நொடிக்குள்ளேயே தனித்தனியாக எத்தனையோ படங்கள் இருக்கின்றனவாம், ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க ஒரு விசை இருக்கிறது. அப்பா விசையைத் தானே வாங்கிக்கொண்டார். ஒரு படம், இன்னொரு படம். நான் சமைத்து முடித்து வந்தபோதும் நீ சிரித்து முடித்திருக்கவில்லை. சாப்பிட வாருங்கள் என்றால், “இரு, இன்னும் கையைத் தூக்கலை” என்கிறார். இதைப் பார்க்கவில்லை, அதைப் பார்க்கவில்லை என்ற குறை அவர் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் எல்லோரும் உன் சட்டையைப் பார்த்தார்கள், அவர் உன் கண்ணோரச் சுருக்கத்தைப் பார்த்தார், முன்பு அது இல்லை என்றார்.

திடீரென்று நிறுத்திவிட்டார். முன்னால் போனார், பின்னால் வந்தார். “இங்க வா” என்றார். “அவ சோத்துக் கைக்காரிதானே?” ஆமாம் என்றேன். “அப்ப ஏன் எடது கையைத் தூக்குறா? கம்பியையும் எடது கையாலதான் புடிக்கிறா. வலது கை எங்க இருக்கு பாரு.” பார்த்தேன். சட்டையின் முன்பக்கத்துக்குள் சொருகியிருக்கிறது. ஒரு படத்தில்கூட வெளியே வரவில்லை. கப்பல் ஆடுகிறது, எல்லோரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்கள், நீ மட்டும் தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறாய். காற்றுக்கு அப்படி நிற்பாளாக இருக்கும் என்றேன். அப்பா தலையை ஆட்டினார். எழுந்து போய்க் கல்யாண ஃபோட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து வந்து, திரைக்குப் பக்கத்தில் வைத்தார். “எதையாவது மறைக்கறவங்க எப்படி நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

நான் போய் உன் கடிதங்களை எடுத்து வந்தேன். தட்டச்சு எப்போது தொடங்கியது, கையொப்பம் எப்போதிலிருந்து நசுங்கியது என்று பார்த்தேன். பிழை இல்லை, பிழை இல்லை என்று பெருமைப்பட்டேனே. அந்த முன்னோட்டத்தை இரண்டு நல்ல கண்ணோடு ஒரு வாரம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இதுதான் அந்தக் கேள்வி. உன் வலது கைக்கு என்ன ஆயிற்று? எப்போது, எப்படி, எவ்வளவு, வலிக்கிறதா, யார் பார்க்கிறார்கள், விரல்கள் எல்லாம் அசைகின்றனவா. எங்களைக் கவலைப்பட வைக்கக் கூடாது என்று நீ நினைத்தது புரிகிறது, அந்த நல்லெண்ணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் அப்பாவுக்குப் புரிகிறது. கண் போனபோது தன் அம்மாவுக்கு அவர் அனுப்பிய ஃபோட்டோக்கள் எல்லாம் பக்கவாட்டில்தான், அந்தம்மா ஒரு நாள் நேரில் வந்து நின்று, ‘ஏன்டா, நேராப் பாக்க மாட்டியா’ என்று கேட்ட பிறகுதான் இவர் அழுதாராம். நாங்கள் கப்பலுக்கு வந்து நிற்க முடியாது. அதனால் கடிதத்தில் கேட்கிறேன், நேராகப் பார்த்துச் சொல்.

பதில் தட்டச்சில் வேண்டாம். இடது கையால் எழுது. எழுத்து கோணட்டும், வரி மேலே ஏறட்டும், எத்தனை பிழை இருந்தாலும் நான் பேனாவைத் தொட மாட்டேன், இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. வலது கையால் முடிந்தால் ஒரே ஒரு எழுத்து மட்டும் போடு, நசுங்கிய எறும்பாக இருந்தாலும் பரவாயில்லை. குளிர்க் காற்றில் கையைத் திறந்து வைக்காதே, பாரம் தூக்காதே, உன் மேலதிகாரி வற்புறுத்தினால் என் கடிதத்தைக் காட்டு. அடுத்த துறைமுகத்தில் ஃபோன் கிடைத்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு. வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் எங்கும் போவதாக இல்லை. மெயின் சுவிட்சுக்கு முன்னால் மாமா ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறான், கையேட்டில் அப்படி எதுவும் இல்லை, சொந்த யோசனை.

நீ நிறைந்த ஆயுளோடும், குறையாத சிரிப்போடும், நாங்கள் நிறுத்திப் பார்க்கிற அந்தப் படத்தில் இருப்பது போல எப்போதும் தலை நிமிர்ந்தும் இருக்க வேண்டும். எங்கள் ஆசி அலையில்லாத கடலாக உன்னைத் தாங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

படித்துச் சரிபார்த்தது: அப்பா, தன் கண்ணாலேயே.